மேம்பாலத்தில் பழகிய மலை

எங்கள் பக்கம் மலை கிடையாது. புதுச்சேரியில் எங்கள் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து முழுக்கத் தேடினாலும் மேடு என்று சொல்லத் தகுந்தது ஏரிக்கரை ஒன்றுதான். அதைவிட உயரம் வேண்டுமென்றால் வில்லியனூர்ப் பக்கம் இருக்கும் ரயில்வே மேம்பாலத்துக்குப் போக வேண்டும். அதற்கும் மேலே என்றால் செல்போன் கோபுரம்தான். இப்படித் தட்டையான ஊரில் பிறந்து, இன்னொரு தட்டையான ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த என் அண்ணி, ஐம்பத்தெட்டு வயதில், சைக்கிளில் மலை ஏறிக் காட்டுகிறேன் என்று பெற்ற பிள்ளையிடம் பந்தயம் கட்டினாள். தோற்றால் வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு சென்னைக்குப் போய்விட வேண்டும். அதுதான் பேச்சு.

அண்ணிக்கும் எனக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். அவள் என்னை வாடி போடி என்பாள். நான் அவளை அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டே நீ வா போ என்று பேசுவேன். நாத்தனாரும் அண்ணியும் ஒற்றுமையாக இருந்தால் ஊருக்குத் தூக்கம் வராது. ஊர் கவலைப்பட வேண்டாம், நாங்கள் தினமும் சண்டை போடுகிறோம். அதைச் சைக்கிள் மிதித்துக்கொண்டே போடுகிறோம், அவ்வளவுதான்.

சைக்கிள் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் ஒரு மத்தியானம் கரும்புக் கொல்லையில் தண்ணீர் மடை திருப்பிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த மகன் கார் பிடித்து வந்து சேர்ந்தபோது ஐஸ் பெட்டிக்குள் இருந்த அப்பாவைத்தான் பார்த்தான். அந்த வருடமே அண்ணிக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். அண்ணிக்கு நாய் என்றால் உயிரே போய்விடும். எங்கள் தெருவில் மனிதர்களைவிட நாய்கள் அதிகம். அதனால் நடக்க மாட்டேன், சைக்கிள் ஓட்டுகிறேன் என்றாள். மகன்தான் சந்தோஷமாக ஒரு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். நான் கொம்யூன் அலுவலகத்துக்கு வேலைக்குப் போய் வருகிற என் பழைய லேடீஸ் சைக்கிளில் அவளோடு சேர்ந்துகொண்டேன்.

விடிந்ததும் கிளம்பினால் குருவிநத்தம் பக்கம் போய், ஆற்றங்கரையைப் பார்த்துவிட்டு, ஏரிக்கரை வழியாகத் திரும்பி, வழியில் ஒரு டீ. அண்ணிக்குச் சர்க்கரை இல்லாத டீ. என் டீயில் ஒரு வாய் திருடிக் குடிப்பாள். அந்த ஒரு மணி நேரம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை அது போய்விடும் என்கிற நிலை வந்தபோதுதான் நான் சரியாக உணர்ந்தேன்.

புரட்டாசியில் ஒரு நாள் ஏரிக்கரையில் எருமைக் கன்று ஒன்று குறுக்கே வந்தது. அண்ணி விழுந்தாள். மணிக்கட்டு பிசகிவிட்டது, முழங்கையில் தோல் உரிந்தது, வேறொன்றும் இல்லை. ஆனால் செய்தி சென்னைக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கன்று முழு எருமையாக வளர்ந்திருக்க வேண்டும். சாயங்காலமே மகன் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"போதும்மா. தையோட வூட்டப் பூட்டிட்டு என்னோட வந்துடு" என்றான்.

"வந்து இன்னா பண்றது? ஒம்பதாவது மாடில ஒக்காந்துக்கினு கீழ போற காரு எண்றதா?"

"பார்க் இருக்குது. லிப்ட் இருக்குது. எதிர்லயே ஆசுபத்திரி இருக்குது."

"எனக்கு இங்க சைக்கிள் இருக்குதுடா."

"அந்த சைக்கிள்தான வுழ வெச்சிது! நேரா இருக்கற ரோட்லயே வுழற நீ. ஒரு மேடு ஏறத் தெரியுமா ஒனக்கு?"

அந்தக் கடைசி வார்த்தையை அவன் விட்டிருக்கக் கூடாது. அண்ணி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். பிறகு அமைதியாகச் சொன்னாள்.

"மலையே ஏறுவன். ஒனக்கு மொட்ட அடிச்சி காது குத்துன மலை இருக்குதுல்ல, அதுல கீழருந்து மேல வரைக்கும் கால் ஊனாம ஏறிக்காட்டறன். ஏறிட்டா இந்தப் பேச்ச நீ எடுக்கக் கூடாது."

"ஏறலன்னா?"

"ஏறலன்னா வாயத் தொறக்காம ஒன்னோட வந்துடறன்."

மலையாவது மண்ணாவது, சும்மா கிட அண்ணி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் சரி என்றுவிட்டான். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே பிடிவாதம். இரண்டு பேரும் வென்றது போல முகத்தை வைத்துக்கொண்டு இட்லி சாப்பிட்டார்கள். நான் என் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். அவள் போய்விட்டால் காலையில் நான் யாரோடு சண்டை போடுவது?

அந்த மலை மயிலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மேலே முருகன் கோயில். எங்கள் வீட்டு வேண்டுதல் எல்லாம் அங்கேதான். மலை என்று மரியாதைக்குச் சொல்கிறோம், உண்மையில் அது குன்றுதான். மேலே வரைக்கும் கார் போகிற ரோடு உண்டு. நாங்கள் எத்தனையோ தடவை வேனில் தூங்கிக்கொண்டே ஏறியிருக்கிறோம். தூங்கியதால் அது எவ்வளவு செங்குத்து என்று தெரியாமல் போய்விட்டது.

கை சரியானதும் பயிற்சியைத் தொடங்கினோம். ஏரிக்கரைச் சரிவில் ஒரு வாரம். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மேம்பாலம். இந்த முனையிலிருந்து அந்த முனை, அங்கிருந்து திரும்பி இந்த முனை. வண்டியில் போகிறவர்கள் எங்களைப் பார்த்துப் பார்த்துக் குழம்பிப் போனார்கள். ஒருத்தர் பைக்கை நிறுத்தி, "இன்னா யக்கா, எதனா தொலச்சிட்டீங்களா? நானும் தேடட்டா?" என்று கேட்டார். "ஆமாம்பா, புத்திய தொலச்சிட்டோம்" என்றேன். அவர் சிரிக்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

எங்கள் ஊர்க்காரர்கள் மேடு ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. சைக்கிளில் புல்லுக்கட்டோடு ஏரிக்கரை ஏறுகிறவர்களைப் பார்த்தால் தெரியும். தூரத்திலிருந்தே வேகம் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்து, அந்த வேகத்திலேயே கரை மேல் போய் நின்றுவிட வேண்டும். பாதியில் வேகம் விட்டால் கட்டோடு பின்னால் வர வேண்டியதுதான். அதையேதான் நாங்களும் மேம்பாலத்தில் பழகினோம். போகப் போகத் திமிர் ஏறி, அண்ணி கேரியரில் அரை மூட்டை நெல்லைக் கட்டிக்கொண்டு ஏறினாள். மேலே போய் மூச்சு வாங்காமல் நின்று, "இன்னாடி, மலை இன்னா மலை?" என்றாள். நானும் நம்பிவிட்டேன். கியர் பற்றி இரண்டு பேருக்கும் நினைப்பே இல்லை. அது வாங்கிய நாளிலிருந்து ஒரே கியரில் துருப்பிடித்து உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊரில் அதை மாற்ற வேண்டிய அவசியமே யாருக்கும் வந்ததில்லை.

மார்கழியில் ஒரு விடியற்காலை என் வீட்டுக்காரரின் குட்டியானை வண்டியில் சைக்கிள்கள் இரண்டையும் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். அவர் அந்த வண்டியில் காய்கறி, வாழைத்தார் எல்லாம் ஏற்றுகிறவர். இரண்டு சைக்கிளும் இரண்டு பைத்தியமும் ஏற்றுவது இதுதான் முதல் தடவை என்றார். வழியில் மண்ணாடிப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. அண்ணி ஒன்றும் பேசாமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் பேசாமல் வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டுமென்றே அவள் வைக்கிற சாம்பாரைக் குறை சொன்னேன். அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

மகன் சென்னையிலிருந்து நேராக வந்து அடிவாரத்தில் காரோடு நின்றிருந்தான். புது வண்டிக்குப் பூசை போடுகிறவர்கள் கூட்டம். ரோடெல்லாம் நசுங்கின எலுமிச்சம்பழம். நிமிர்ந்து பார்த்தேன். சின்ன மலைதான். ஆனால் ரோடும் சின்னதாக இருந்தது. அவ்வளவு உயரத்தையும் இவ்வளவு ரோட்டிலேயே ஏறித் தீர வேண்டும். வேனில் தூங்காமல் வந்திருக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

அண்ணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனாள். கோயில் தோரண வளைவுக்கும் பின்னால், பூக்கடைக்கும் பின்னால், டீக்கடை வரைக்கும் போய்த் திரும்பினாள். ஏரிக்கரை ஏறுவதற்கு எவ்வளவு ஓட்டம் எடுப்பாளோ அதைப் போல மூன்று பங்கு. புடவையை இழுத்துச் செருகினாள். முருகா என்றாள். வந்தாள் பாருங்கள், எலுமிச்சம்பழம் தெறிக்க, பூசைக்காரர்கள் விலகிக்கொள்ள, வளைவுக்குள் டவுன் பஸ் நுழைகிற வேகத்தில் நுழைந்தாள். நானும் பின்னாலேயே மிதித்தேன். முதல் திருப்பம் வரைக்கும் பறந்தோம். எனக்கு அங்கேயே நாக்கு தள்ளிவிட்டது. காலை ஊன்றி நின்று மேலே பார்த்தேன்.

இரண்டாவது திருப்பத்தில் அவள் வேகம் தீர்ந்துபோனது. மேம்பாலத்தில் வேகம் தீரும்போது பாலமும் தீர்ந்துவிடும். இங்கே வேகம் தீர்ந்தது, மலை தீரவில்லை. சைக்கிள் நின்ற இடத்திலேயே ஒரு நொடி அசையாமல் நின்றது. அண்ணி தன் முழு எடையையும் பெடல் மேல் போட்டாள். பெடல் நகரவில்லை. இடது கால் ரோட்டில் பட்டது.

மகன் காரை விட்டுவிட்டு எங்களுக்குப் பின்னால் நடந்துதான் வந்துகொண்டிருந்தான். பார்த்துவிட்டான். வென்றவன் முகம் மாதிரி இல்லை அவன் முகம். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் அம்மா கையிலிருந்து சைக்கிளை வாங்கிக்கொண்டான்.

"அவ்ளோதாம்மா. வா, போவலாம்" என்றான்.

"ம்" என்றாள் அண்ணி.

அந்த 'ம்'மை என்னால் தாங்க முடியவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இன்னாடா அவ்ளோதான்? ஒரு தடவதான் ஏறணும்னு எப்ப பேசுன?"

"அத்த, கால் ஊனிட்டாங்க. பேச்சு பேச்சுதான்."

"பேச்சு இன்னா? கால் ஊனாம ஏறணும். எத்தினி வாட்டின்னு எவன் சொன்னான்? நான் இருந்தன் அங்க. சரின்னு சொல்லிட்டு இட்லி துன்ன நீ. கொம்யூன் ஆபீசுல இப்பிடி எத்தினி பேரப் பாத்திருக்கன் தெரியுமா? சொல்லாத ஒண்ண பின்னால வந்து சேக்க முடியாது!"

முப்பது வருடமாக விதி பேசிப் பேசி என் வாய்க்கு நல்ல பழக்கம். கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. சரி, இன்னும் ஒரே தடவை, ஆனால் நான் பக்கத்திலேயே நடந்து வருவேன், பின்னால் கார் வருகிற ரோட்டில் உன்னைத் தனியாக விட மாட்டேன் என்றான். அண்ணி தலையசைத்தாள்.

கீழே இறங்கி டீக்கடையில் உட்கார்ந்தோம். அண்ணி என் டீயைத் திருடவில்லை. கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்ததில் சிவந்திருந்தது. அவளுக்கு எதையாவது சொல்ல வேண்டும் போல எனக்கு இருந்தது. அப்போது டீக்கடைக்காரர் தட்டியைக் காற்றுக்கு மறைவாகத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார். சட்டென்று எனக்குப் பட்டது.

"அண்ணி, நாம ஆடி மாசத்துல எப்பிடிப் போவோம்?"

"இன்னாடி ஆடி மாசம்?"

"கரும்புக் கொல்லப் பக்கம் எதிர்க்காத்து அடிக்குமே. அப்ப ஓட்டமா எடுப்ப நீ?"

அவள் யோசித்தாள். ஆடிக்காற்றில் யாராவது வேகம் எடுத்துப் போவார்களா? வேகமாக மிதித்தால் காற்று அதைவிட வேகமாகத் தள்ளும். தலையைக் குனிந்துகொண்டு, முன் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, காற்று எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் போவோம். வீடு வருகிறபோது வரட்டும் என்று போவோம். வருடா வருடம் அப்படிப் போகிறவர்கள், மலையைப் பார்த்ததும் புல்லுக்கட்டுக்காரர்கள் ஆகிவிட்டோம்.

"நீ இத மலைன்னு நெனைக்காத. காத்துன்னு நெனச்சிக்கோ" என்றேன்.

என் வீட்டுக்காரர் இதற்குள் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, வண்டியிலிருந்த எண்ணெயை விட்டு, துருப்பிடித்த கியரைத் தட்டிக் கொட்டி லேசாக மிதிபடுகிற பக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார். "இதுலயே கெடக்கட்டும். கை வெக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

இந்தத் தடவை அண்ணி வளைவுக்குக் கீழேயே ஏறி உட்கார்ந்தாள். ஓட்டம் எடுக்கவில்லை. கால்கள் காலி ராட்டினம் போலச் சுற்றின, சைக்கிள் மட்டும் நகர்ந்ததா நகரவில்லையா என்று தெரியாத மாதிரி நகர்ந்தது. மகன் பக்கத்தில் நடந்தான். நான் என் சைக்கிளை மரியாதையாகக் கீழேயே விட்டுவிட்டுப் பின்னால் நடந்தேன். பூக்கூடையோடு போன ஒரு அம்மாள் எங்களைத் தாண்டிப் போனாள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவரும் தாண்டிப் போனார். குழந்தை திரும்பிப் பார்த்து டாட்டா காட்டியது. அண்ணி எதையும் பார்க்கவில்லை. தலை குனிந்தே இருந்தது.

முதல் திருப்பம் போனது. இரண்டாவது திருப்பத்தில், அவள் கால் ஊன்றிய அதே இடத்தில், நான் முருகா முருகா என்று முணுமுணுத்தேன். அவளுக்கு அது எந்த இடம் என்றே தெரியவில்லை என்று நினைக்கிறேன். அதையும் தாண்டினாள். முதுகு முழுக்க வியர்வை. மார்கழிக் குளிரில் ஜாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மகனின் கையைக் கவனித்தேன். அவன் வலது கை கேரியருக்குப் பின்னால் இருந்தது. தொடவில்லை. தொட்டால் பந்தயம் கெட்டுவிடும் என்று அவனுக்குத் தெரியும். நாலு விரல் இடைவெளி விட்டு, சைக்கிள் பழகுகிற பிள்ளைக்குப் பின்னால் அப்பன் ஓடுவானே, அப்படி வைத்துக்கொண்டு நடந்தான். வாய் பேசிய பேச்சு வேறு, கை நடந்துகொண்டது வேறு. அதுவரைக்கும் அவன் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அந்த இடத்தில் போய்விட்டது.

கடைசித் திருப்பம்தான் இருப்பதிலேயே மோசம். ரோடு உள்பக்கம் செங்குத்தாக நிமிர்ந்திருந்தது. அதற்கு மேல் கொஞ்ச தூரம், பிறகு கோயில் மதில். அண்ணி உள்பக்கமாகவே போய் மாட்டிக்கொண்டாள். முன் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. மூச்சு விசில் அடித்தது. சைக்கிள் நின்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும். இடது கால் பெடலை விட்டுக் கிளம்பியது. ரோட்டுக்கு ஒரு சாண் மேலே தொங்கியது.

அவன் சும்மா நின்றிருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், தை மாதம் அவன் அம்மா அவன் வீட்டில்.

"ஊனாதம்மா!" என்று கத்தினான். "ஊனாத! மிதி! வெளிப் பக்கம் திருப்பு, வெளிப் பக்கம்! மிதிம்மா!"

கோயிலே திரும்பிப் பார்க்கிற சத்தம். தொங்கிய கால் பெடலுக்குத் திரும்பியது. ஹேண்டில்பார் வெளிப் பக்கம் வளைந்தது. ரோடு அங்கே கொஞ்சம் சாய்வாக இருந்தது. ஒரு மிதி. இன்னொரு மிதி. அவன் அவளுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்துகொண்டு, இரண்டு கையாலும் வா வா என்று கூப்பிட்டான். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, கெட்ட வார்த்தையும் இருந்ததாகப் பின்னாலேயே நடந்து வந்த என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். கோயில் வாசல் வரைக்கும் போய், மதில் சுவரில் கையை ஊன்றிக்கொண்ட பிறகுதான் அண்ணி காலை இறக்கினாள்.

அவள் சைக்கிளை விடாமல் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாடா, நீ யாரு பக்கம்?" என்றேன்.

"தெரியல அத்த" என்றான். சிரித்தான், உடனே முகம் கோணியது. சின்ன வயதில் அழுகைக்கு முன்னால் அவன் முகம் அப்படித்தான் போகும். அம்மாவைப் பார்த்துச் சொன்னான்.

"இனிமே கூப்புட மாட்டன். சொன்னது சொன்னதுதான். ஆனா ஒனக்கு எதனா ஆயி, அப்பாவுக்கு வந்த மாதிரி நான் வந்து சேர முடியாம போனா நான் இன்னா பண்ணுவம்மா?"

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு அதே முந்தானையால் அவன் முகத்தையும் துடைத்தாள்.

"என் வேகத்தப் பாத்த இல்ல?" என்றாள். "நீ நடந்தே வந்து புடிச்சிடலாம்டா."

சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கச் சொன்னேன், கேட்கவில்லை, ஏறி உட்கார்ந்தாள். விட்டிருந்தால் அந்தச் சரிவில் ஒரே மூச்சில் அடிவாரம் போய்ச் சேர்ந்திருக்கலாம். அவள் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் பக்கத்தில் நடந்து வருகிற வேகத்திலேயே கீழே வரைக்கும் இறங்கினாள்.